அனுபவம் உண்டு, பட்டா இல்லை

இந்தத் தலையங்கத்தை ஓர் ஒப்புதலோடுதான் தொடங்க வேண்டியிருக்கிறது. வாலாஜாபாத் பேருந்து நிலையத்துச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸ் ஒன்றைக் கிழித்துக் கொண்டுபோய் 2022இல் ஒரு பெண்ணின் கையில் கொடுத்தவன் நான். வேலையை விட வேண்டாம், வீட்டிலிருந்தே படித்து நர்ஸ் ஆகலாம், பாடம் தபாலில் வரும், ஒரு வருடம் போதும், அரசு அங்கீகாரம் உண்டு என்று அதில் போட்டிருந்தது. படித்துப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்: "அண்ணா, இது நெசமா இருக்குமா?" நான் சொன்னேன்: "அரசு அங்கீகாரம்னு போட்டிருக்காம்மா. படி." படி, படி என்று ஊர் ஊராகச் சொல்லியே பழகிய வாய். எதைப் படி, எங்கே படி, படித்தால் எந்தக் கதவு திறக்கும் என்று விசாரித்துச் சொல்லப் பழகாத வாய்.

கழுத்தில் இருந்ததை அடகு வைத்து 65,000 ரூபாய் கட்டினாள். வருடம் முடிந்ததும் தங்கநிறக் கரை போட்ட சான்றிதழ் வந்தது. அதை எடுத்துக்கொண்டு வேலை கேட்கப் போன இடத்தில், "செவிலியர் கவுன்சில்ல பதிஞ்சிட்டு வாம்மா" என்றார்கள். விசாரித்தபோதுதான் தெரிந்தது, அந்தத் தாளை வைத்து எந்தக் கவுன்சிலிலும் பதிய முடியாது. அந்த நிறுவனத்தின் கதவு பூட்டியிருந்தது. நகை மீளவில்லை. என்னிடம் அவள் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. பேசியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

இது ஒருத்தியின் ஏமாற்றக் கதை என்று விட்டுவிட முடியாது. அவள் எதைக் கேட்டாள், ஏன் அது இந்த நாட்டில் நேர்வழியில் கிடைக்கவில்லை, கிடைக்காத இடத்தில் ஏன் ஏமாற்றுக்காரன் கடை போடுகிறான் என்று பார்க்க வேண்டும்.

அவளைப் பற்றிக் கொஞ்சம். எங்கள் காலனிப் பெண். எட்டு வயதில் தறிக்குழியில் உட்கார வைக்கப்பட்டவள். கோர்வைச் சேலைக்குக் கரை நாடா தள்ள ஒரு பிள்ளை வேண்டும். அப்பன் வாங்கிய முன்பணத்துக்கு அவள் கை போனது. அய்யம்பேட்டை, முத்தியால்பேட்டைப் பக்கம் கூலிக்கு நெய்கிற நம் சனங்களுக்கு இது புதிய கதை இல்லை. அங்கிருந்து மீண்டு பள்ளிக்குப் போய், தாவரவியல் பட்டம் வாங்கி, 2010இல் 108 ஆம்புலன்சில் மருத்துவ உதவியாளராகச் சேர்ந்தாள். அறுந்த பட்டிழையைத் தேடி முடிபோட்ட விரல், இப்போது ஓடுகிற வண்டிக்குள் ரத்தம் வற்றிய கையில் நரம்பைத் தேடி ஊசி ஏற்றுகிறது.

தமிழ்நாட்டில் 108 சேவை 2008 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. காசு அரசாங்கத்தினுடையது, நடத்துவது ஒப்பந்தம் எடுத்த நிறுவனம். வண்டியில் இரண்டு பேர். ஓட்டுகிறவரைப் பைலட் என்கிறார்கள். பின்னால் நோயாளியோடு இருப்பவர் மருத்துவ உதவியாளர். செவிலியர் படிப்பு, ஆய்வக நுட்பப் படிப்பு, விலங்கியல், தாவரவியல், உயிர்வேதியியல் போன்ற பட்டப்படிப்பு, இதில் ஏதாவது ஒன்று இருந்தால் எடுத்துக்கொள்கிறார்கள். ஐம்பது நாள் போல வகுப்பறையிலும் மருத்துவமனையிலும் வண்டியிலும் பயிற்சி. பிறகு பன்னிரண்டு மணி நேர வேலை, பகலும் இரவும் மாறி மாறி.

வாலாஜாபாத் என்றால் பட்டும் பாலாறும் என்று நினைக்கிறவர்கள் இரவு பத்து மணிக்கு மேல் எங்கள் சாலையில் வந்து நிற்க வேண்டும். ஒரகடம் தொழிற்சாலைகளுக்குப் போகிற வேன்கள், ஜல்லி ஏற்றிய லாரிகள், ஷிப்ட் முடிந்து தூக்கக் கலக்கத்தில் பைக்கில் வருகிற பையன்கள். ஒரு பக்கம் காஞ்சிபுரம் அரசு தலைமை மருத்துவமனை, இன்னொரு பக்கம் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி. இரண்டுக்கும் நடுவில் உயிர் ஊசலாடுகிற தூரத்தைக் கடத்துகிறவர்கள் இவர்கள்தான். உடைந்த காலுக்குக் கட்டை வைத்துக் கட்டுவது, மூச்சுக்குழலை அடைப்பு நீக்கித் திறந்து வைப்பது, ஆக்சிஜன், குளுக்கோஸ், நின்ற நெஞ்சை அழுத்தி ஓட வைப்பது, பாம்புக்கடிக்காரனைப் பயத்திலிருந்து காப்பது. ஓடுகிற வண்டியிலேயே பிள்ளை பிறந்துவிட்டால் தொப்புள்கொடி கட்டுவது.

அவள் சொன்ன ஒன்றை இங்கே எழுதாமல் விட முடியவில்லை. "அண்ணா, வலி கண்டவ என் கையை முறுக்கிப் புடிச்சிக்கினு கத்தறப்ப யாரும் எதுவும் கேக்கல. கொழந்த அழுத பொறவு, ரத்தம் தொடச்சி மாமியார் கையில குடுத்த பொறவுதான் கேட்டாங்க, 'நீ எந்த ஊரும்மா? ஊருல எந்தப் பக்கம்?' னு." எந்தப் பக்கம் என்பதன் அர்த்தம் நமக்கு விளக்கத் தேவையில்லை.

பதினைந்து வருடத்துக்கு மேல் இந்த வேலை. ஆனால் வண்டியை விட்டு இறங்கினால் அவள் யார்? செவிலியர் பதிவேட்டில் அவள் பெயர் இல்லை. அரசு ஊழியரும் இல்லை. 2021இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம், அவசர மருத்துவ நுட்பர் என்று ஒரு தொழில் உண்டு என்பதை அட்டவணையில் எழுதியது. அதுவே பெரிய காரியம். ஆனால் அதுவும் முறையாகப் படித்துப் பட்டயமோ பட்டமோ வாங்கியவர்களை முன்னிட்டு எழுதப்பட்டது. ஐம்பது நாள் பயிற்சியும் பதினைந்து வருட அனுபவமும் வைத்திருப்பவளை எங்கே உட்கார வைப்பது?

செங்கல்பட்டுச் சீமையில் பிறந்தவனுக்கு இது நன்றாகப் புரிகிற விஷயம். 1891இல் இந்த மாவட்டத்தின் ஆட்சியர் பொறுப்பிலிருந்த திரமென்ஹீர், பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு அறிக்கை எழுதினார். நிலத்தை உழுகிறவன் ஒருவன், பட்டா இன்னொருவன் பெயரில் என்பதுதான் அதன் சாரம். அதிலிருந்து பஞ்சமி நிலம் வந்தது. அதுவும் கைமாறிப் போனது. அதை மீட்கப் போன காரணைப் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று போலீஸ் சுட்டு ஜான் தாமசும் ஏழுமலையும் செத்தார்கள். அனுபவம் நம்மிடம், பட்டா அவர்களிடம். நிலத்தில் நடந்தது இன்று மருத்துவமனையில் நடக்கிறது. நோயாளியின் உடம்பைத் தொட்டு வேலை செய்கிற அனுபவம் நம்முடையது. தொட்டதற்கான பட்டம் வேறு யாருடையதோ.

சரி, அவள் நேர்வழியில் செவிலியர் ஆக முடியாதா? சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

இந்த மாகாணத்தில் செவிலியர், மருத்துவச்சிப் பதிவுக்கு 1926ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. நாடு முழுக்கப் படிப்பின் தரத்தை வகுக்க 1947ஆம் ஆண்டு இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் வந்தது. அதன் இடத்தில் புதிய ஆணையத்தை வைக்க 2023இல் இன்னொரு சட்டம் நிறைவேறியது. பதிவுபெற்ற செவிலியர் ஆக இரண்டு வழி: மூன்று ஆண்டு பட்டயம், அல்லது நான்கு ஆண்டு பி.எஸ்சி. நர்சிங். இரண்டுமே முழுநேரம், நேரில். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020ஆம் ஆண்டுத் தொலைநிலைக் கல்வி விதிகள், தபால் வழியில் நடத்தவே கூடாத படிப்புகள் என்று ஒரு பட்டியல் போட்டன. மருத்துவம், பொறியியல், சட்டம் ஆகியவற்றோடு நர்சிங்கும் துணை மருத்துவப் படிப்புகளும் அதில் உண்டு. ஆக, வீட்டிலிருந்தே நர்ஸ் ஆகலாம் என்று எவன் சொன்னாலும் அது மோசடி. இதை நான் 2022இல் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

பட்டயப் படிப்புக்கு நர்சிங் கவுன்சில் விதித்த வயது வரம்பு 35. அவள் அதைத் தாண்டிவிட்டாள். ஏற்கெனவே துணைச் செவிலியராகப் பதிவு செய்தவர்களுக்கு அந்த வரம்பு இல்லை. அவர்கள் மேலே ஏற ஒரு படி விட்டிருக்கிறார்கள். ஆம்புலன்சில் இருப்பவர்களுக்கு அந்தப் படியும் இல்லை. வயது இருந்தாலும் மூன்று வருடம் கூலி இல்லாமல் விடுதியில் தங்கிப் படிக்க எந்தக் காலனிக் குடும்பத்தால் முடியும்? பணியில் இருப்போர் ஒதுக்கீடு என்று கேட்டால், நீங்கள் அரசுப் பணியில் இல்லை, ஒப்பந்த நிறுவனத்தில் இருக்கிறீர்கள் என்பார்கள். மூன்று பக்கமும் சுவர். நாலாவது பக்கம் திறந்திருந்தது பேருந்து நிலையத்து நோட்டீஸ்தான்.

இங்கே ஒரு கேள்வியை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். சட்டம் போட்ட தடை சாதி வெறியால் மட்டும் வந்ததா? இல்லை. செவிலியர் வேலையைத் தபாலில் படித்துவிட முடியாது என்பதில் உண்மை இருக்கிறது. ஆம்புலன்சில் நோயாளி இருப்பது அரைமணி நேரம், ஒரு மணி நேரம். வார்டில் அவர் பதினைந்து நாள் கிடப்பார். படுக்கைப்புண் வராமல் புரட்டிப் போடுவது, அறுவைக்குப் பின் இரண்டாம் நாள் காய்ச்சல் எதனால் என்று யோசிப்பது, இருபது பேருக்கு இருபது விதமான மருந்தை நேரம் தவறாமல் கொடுப்பது, சர்க்கரை நோயாளிக்கு வீட்டில் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்புவது. இது வேறு வித்தை. விபத்தில் கைதேர்ந்தவர் இதிலும் கைதேர்ந்தவர் என்று சொல்ல முடியாது. அரசு மருத்துவமனைக்குப் போகிறவர்கள் யார்? நம் சனங்கள்தான். அரைகுறையாகப் படித்த கை முதலில் விழுவது நம் அம்மா மேல்தான். ஆகவே "தகுதி" என்ற சொல்லைக் கேட்டவுடன் அது பார்ப்பனியச் சூழ்ச்சி என்று முடித்துவிட நான் தயாரில்லை. தகுதியை நாம் கேட்கிறோம். தகுதி பெறுகிற வழியை அடைத்து வைக்காதே என்றுதான் சொல்கிறோம்.

வழி இருக்க முடியுமா? இருந்திருக்கிறது.

1971இல் அமெரிக்காவில் நியூயார்க் மாநிலக் கல்வி வாரியம் வெளிப்பட்டத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. வகுப்பில் உட்கார்ந்தாயா என்று கேட்காது. தெரியுமா என்று மட்டும் சோதிக்கும். அது பின்னால் ரீஜன்ட்ஸ் கல்லூரி ஆகி, 2001இல் எக்செல்சியர் கல்லூரி என்று பெயர் மாறியது. இப்போது பல்கலைக்கழகம். ஆம்புலன்சில் வேலை செய்த பாராமெடிக்குகள், உரிமம் பெற்ற துணைச் செவிலியர்கள், ராணுவத்தில் காயம் கட்டியவர்கள் ஆகியோர் வேலையை விடாமல், தங்கள் வேகத்தில் படித்து, தேர்வு எழுதிச் செவிலியர் பட்டம் பெற்றார்கள். கடைசியில் ஒரு மருத்துவமனையில் இரண்டரை நாள் நேரடிச் செய்முறைத் தேர்வு. உண்மையான நோயாளிகள் முன்னால் செய்து காட்ட வேண்டும். ஆயிரக்கணக்கானோர் இப்படிச் செவிலியர் ஆனார்கள்.

அதிலும் சிக்கல் இருந்தது, மறைக்க வேண்டியதில்லை. கலிபோர்னியா மாநிலச் செவிலியர் வாரியம், மேற்பார்வையோடு நடக்கும் வார்டுப் பயிற்சி அந்தப் படிப்பில் இல்லை என்று காரணம் காட்டியது. 2003 டிசம்பர் 6க்குப் பிறகு சேர்ந்தவர்களின் பட்டத்தை உரிமத்துக்கு ஏற்க மறுத்தது. கலிபோர்னியாவில் அந்தப் பட்டத்தை நம்பிப் படித்தவர்கள் வேறு மாநிலம் பார்க்க வேண்டியதாயிற்று. ஒரு நாட்டுக்குள்ளேயே ஒரு மாநிலத்தில் நர்ஸ், இன்னொரு மாநிலத்தில் இல்லை. தேர்வு மட்டும் போதும், பயிற்சி வேண்டாம் என்ற பாதை எங்கே போய் முட்டும் என்பதற்கு இது பாடம்.

இங்கிலாந்தில் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002இல் வேறொரு முறையில் தொடங்கியது. மருத்துவமனையில் உதவியாளராக வேலை செய்கிறவரை அந்த மருத்துவமனையே படிக்க அனுப்பும். பாடம் வீட்டில், தபாலில். செய்முறை வார்டில், பொறுப்பாளர் மேற்பார்வையில். அந்த நாட்டு விதிப்படி செவிலியர் ஆக 2,300 மணி நேரப் பாடமும் 2,300 மணி நேரச் செய்முறையும் வேண்டும். தொலைநிலையில் படித்தவர் என்பதற்காக ஒரு மணி நேரம்கூடக் குறையவில்லை. சம்பளமும் நிற்கவில்லை. புத்தி வீட்டில் படிக்கட்டும், கை வார்டில் படிக்கட்டும் என்று பிரித்துக்கொண்டார்கள்.

இவ்வளவு தூரம் போவானேன்? நம் நாட்டிலேயே இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1994இல் பணியில் இருக்கும் பட்டயச் செவிலியர்களுக்கு பி.எஸ்சி. நர்சிங் படிப்பைத் தொலைநிலையில் தொடங்கியது. நேரில் படித்தால் இரண்டு வருடம். இதில் குறைந்தது மூன்று வருடம். செய்முறைக்கு மருத்துவமனைகளைப் படிப்பு மையங்களாக வைத்தார்கள். நர்சிங் கவுன்சிலும் ஏற்றுக்கொண்டது. ஏற்கெனவே செவிலியர் ஆனவர் மேலே ஏற வழி செய்ய முடிந்த நாட்டுக்கு, வாசலில் நிற்பவர் உள்ளே வர வழி செய்ய முடியாதா? மேல்மாடிக்கு ஏணி போட்டவர்கள் வாசற்படியை மட்டும் ஏன் மறந்தார்கள்?

ஏன் என்பதற்கு அமெரிக்கக் கறுப்பர்களின் வரலாற்றில் ஒரு பதில் இருக்கிறது. பிட்ஸ்பர்க் நகரத்தில் ஹில் டிஸ்ட்ரிக்ட் என்பது கறுப்பர் வாழும் பகுதி. அங்கே 1960களில் யாருக்காவது நெஞ்சுவலி என்றால் போலீஸ் வண்டிதான் வரும். பின்னால் தூக்கிப் போட்டுக்கொண்டு போவான். வந்தால் வருவான், வராவிட்டால் இல்லை. 1967இல் ஃப்ரீடம் ஹவுஸ் ஆம்புலன்ஸ் சேவை உருவானது. வேலைக்கு லாயக்கில்லாதவர்கள் என்று முத்திரை குத்தப்பட்ட கறுப்பு இளைஞர்களை எடுத்து, நின்ற மூச்சை மீட்கும் முறையை வகுத்த டாக்டர் பீட்டர் சாஃபர் பயிற்சித் திட்டம் அமைத்தார். சும்மா முதலுதவிப் பயிற்சி இல்லை. சுமார் முந்நூறு மணி நேரம். உடற்கூறு, உடலியல் எல்லாம் உண்டு. பின்னால் டாக்டர் நான்சி கரோலைன் அவர்களுக்குப் பொறுப்பேற்றார். அவர்களோடு வண்டியில் போய்க் கற்றதையும் கற்பித்ததையும் வைத்து அவர் உருவாக்கியதே பாராமெடிக்குகளுக்கான பாடநூல் ஆயிற்று. இன்று உலகம் முழுக்க ஓடுகிற நவீன ஆம்புலன்சுக்கு முன்னோடிகளில் முதல் வரிசை அந்தக் கறுப்பு இளைஞர்கள்.

அப்புறம் என்ன நடந்தது? 1975இல் நகராட்சி தானே ஆம்புலன்ஸ் நடத்துவதாகச் சொல்லி ஃப்ரீடம் ஹவுசை மூடியது. புதிய சேவையில் வேலைக்குப் போன கறுப்பர்களுக்குப் புதிய புதிய தேர்வுகள், புதிய புதிய விதிகள். அவர்களைவிடக் குறைந்த அனுபவம் உள்ள வெள்ளையர்கள் அவர்களுக்கு மேலதிகாரிகள். சில ஆண்டுகளில் பெரும்பாலோர் வெளியே. வேலை அசிங்கமாக, ஆபத்தாக, மதிப்பில்லாமல் இருந்தவரை அது கறுப்பன் வேலை. அதற்கு மதிப்பும் சம்பளமும் வந்தவுடன் தாள் கேட்டார்கள்.

இந்தக் கதை நமக்கு எங்கேயோ கேட்டதுபோல இல்லையா? பிள்ளைப்பேறு தீட்டு என்று ஊர் ஒதுங்கி நின்ற காலத்தில், சேரியிலிருந்தும் நாவிதர் குடியிலிருந்தும் போன கிழவிகள்தான் தலைமுறை தலைமுறையாக ஊருக்குப் பிரசவம் பார்த்தார்கள். அவர்கள் பெயர் எந்த மருத்துவ வரலாற்றிலும் இல்லை. கூலி முறத்தில் நெல்லும் பழஞ்சேலையும். அயோத்திதாசப் பண்டிதர் சித்த வைத்தியர் என்பதை நம் பிள்ளைகளிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. 1897இல் பிளேக் பரவியபோது நோய் கண்ட மகார் சிறுவனைத் தூக்கிக்கொண்டு மருத்துவ முகாமுக்கு ஓடி, அந்த நோயிலேயே செத்துப்போனார் சாவித்திரிபாய் பூலே. முதல் ஆசிரியை என்று கொண்டாடுகிறோம். செவிலியாகவும் செத்தார் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

செவிலியர் தொழில் இந்த நாட்டில் நெடுங்காலம் சாதி இந்துக் குடும்பங்கள் தீட்டு என்று ஒதுக்கிய தொழில். 1909இல் வேலூரில் ஐடா ஸ்கடர் செவிலியர் பள்ளி தொடங்கியபோதும், 1946இல் வேலூரிலும் டெல்லியிலும் முதல் பி.எஸ்சி. நர்சிங் படிப்புகள் வந்தபோதும், அந்த வேலைக்கு முன்வந்தவர்களில் பெரும்பாலோர் கிறித்துவப் பெண்கள். அதே 1946இல் வெளிவந்த போர் குழு அறிக்கை, இந்த நாடு முழுமைக்கும் சுமார் 7,000 செவிலியர்தான் என்றது. 43,000 பேருக்கு ஒருவர். தீட்டு எவ்வளவு பேரைக் கொன்றது என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. இன்று வெளிநாட்டு வேலை, வெளிநாட்டுச் சம்பளம் வந்தபின் தீட்டு மெல்லக் கழிந்துகொண்டிருக்கிறது. கல்லூரிக்கு லட்சங்களில் கட்டணம்.

எந்த மருத்துவமனைக்கும் போய்ப் பாருங்கள். பிணவறையில் யார், கழிவறையில் யார், ரத்தம் தோய்ந்த துணியை மூட்டை கட்டுகிறவர் யார், ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர் யார், மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறவர் யார்? வர்ணப் படிக்கட்டை மருந்து நாற்றத்தோடு பார்க்கலாம். அந்தப் படிக்கட்டில் ஒருவர் ஒரு படி ஏறிவிட்டால் விடுதலை வந்துவிடுமா என்று சில தோழர்கள் கேட்பார்கள். வராது. ஆனால் படிக்கட்டு என்பது ஏற முடியாதபடி கட்டப்பட்டிருக்கிறது என்பதுதானே சாதி? தொட்டியில் பிறந்தவன் தொட்டியிலேயே என்பதுதானே அதன் விதி? வேலை செய்துகொண்டே ஒருவர் அடுத்த வேலைக்குத் தகுதி பெறுகிற பாதை, அந்த விதியில் விழுகிற ஓட்டை. அம்பேத்கர் 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கியபோது வகுப்புகளைக் காலையில் வைத்தார். வேலைக்குப் போகிறவனும் படிக்க வேண்டும் என்பதற்காக. படிப்பதற்காக வேலையை விடு என்று ஏழையிடம் சொல்வது, படிக்காதே என்று சொல்வதுதான் என்று அவருக்குத் தெரியும்.

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். பட்டம் வந்தால் பாடு தீர்ந்தது என்று நினைக்க முடியாது. 2015 முதல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் தேர்வு எழுதி வந்த செவிலியர்களுக்கு இந்த அரசாங்கம் கொடுத்த தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்து போராடினார்கள். கொரோனா காலத்தில் தேவதைகள் என்று கைதட்டிவிட்டு, அப்போது எடுத்த 2,472 செவிலியர்களை 2022 டிசம்பர் 31ஓடு வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். ஆகவே ஆம்புலன்ஸ்காரர்களைச் செவிலியர் ஆக்கு என்ற கோரிக்கை, மலிவான கூலிக்கு ஆள் சேர்க்கிற தந்திரமாக அரசின் கையில் மாறிவிடக் கூடாது. செவிலியர் சங்கத் தோழர்களின் பயம் நியாயமானது. அவர்களை எதிரியாக நிறுத்தி இந்தக் கோரிக்கையை வெல்ல முடியாது. அவர்களோடு உட்கார்ந்து பேசித்தான் வெல்ல முடியும்.

நாம் கேட்பது இவ்வளவுதான்.

ஒன்று. 108 மருத்துவ உதவியாளர்களின் ஆண்டுகளைப் பணி அனுபவம் என்று செவிலியர் படிப்புச் சேர்க்கையில் ஏற்க வேண்டும். வயது வரம்பு அவர்களுக்குத் தளர வேண்டும். நடத்துவது ஒப்பந்த நிறுவனம் என்பது அரசின் ஏற்பாடு. தொழிலாளியின் குற்றம் இல்லை.

இரண்டு. தெரிந்ததைச் சோதித்துப் பார். தேறிய பாடத்தை மறுபடி படிக்கச் சொல்லாதே. தேறாததைக் கண்டிப்பாகப் படிக்க வை.

மூன்று. பாடம் அவரவர் நேரத்தில், ஐந்து ஆண்டு வரை அவகாசத்தோடு இருக்கட்டும். செய்முறை காஞ்சிபுரம், செங்கல்பட்டு போன்ற அரசு மருத்துவமனைகளில், மேற்பார்வையோடு, சம்பளம் பிடிக்காமல் நடக்கட்டும். முழுநேர மாணவருக்கு எத்தனை மணி நேரமோ அத்தனை மணி நேரம். ஒன்றுகூடக் குறைய வேண்டாம். கடைசித் தேர்வும் ஒன்றே.

நான்கு. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர், கிறித்துவராக மாறிய ஆதிதிராவிடர் ஆகியோரின் கல்விக் கட்டணத்துக்கு 2012இல் வந்த 92ஆம் எண் அரசாணை இந்தப் படிப்பையும் தழுவ வேண்டும். இடஒதுக்கீடு, 2009இல் வந்த அருந்ததியர் உள்ஒதுக்கீடு இரண்டும் இதில் இருக்க வேண்டும். மருத்துவமனைத் துப்புரவுப் பணியிலும் வார்டு உதவியிலும் இருப்பவர்களில் படித்தவர்களுக்கும் இதே கதவு திறக்க வேண்டும்.

ஐந்து. போலி நர்சிங் நிறுவனங்கள் மீது வழக்கு. அங்கீகாரம் பெற்ற பள்ளி, கல்லூரிகளின் பட்டியல் ஒவ்வொரு ஆதிதிராவிடர் விடுதிச் சுவரிலும் பேருந்து நிலையத்திலும் தமிழில் ஒட்டப்பட வேண்டும்.

ஐந்தாவதற்கு அரசை எதிர்பார்க்காமல் நாமே இன்றே ஆரம்பிக்கலாம். மாணவத் தோழர்களே, உங்கள் தெருவில் எந்தத் தங்கச்சியாவது நர்சிங் சேரப் போகிறேன் என்றால் மூன்று கேள்வி கேளுங்கள். முடித்தபின் தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலில் பதிய முடியுமா? எந்த மருத்துவமனையில் எத்தனை மாதம் வார்டுப் பயிற்சி? கவுன்சிலின் பட்டியலில் இந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா? நோட்டீசில் போட்டிருப்பதை நம்பாதீர்கள். நேரில் போய்க் கேளுங்கள். கேட்டுவிட்டுச் சொல்லுங்கள், படி என்று.

போன வாரம் அவளைப் பார்த்தேன். இந்தத் தலையங்கத்தை எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுண்ணா. எம்பேரு மட்டும் வாணாம். நகைய மீட்டுட்டு அப்புறம் பேரு போட்டுக்கலாம்" என்று சிரித்தாள். பேசிக்கொண்டிருக்கும்போதே போன் வந்தது. தென்னேரிப் பக்கம் ஒரு பிரசவ வலி. பைலட் வண்டியைத் திருப்பினார். பின்கதவைச் சாத்திக்கொண்டு அவள் போனாள்.

அந்த நகையை மீட்பது இந்த இதழின் கடன். இதை வாசகர் கடன் என்று தள்ளிவிடவில்லை. என் கடன் என்றே எழுதி வைக்கிறேன். மற்ற ஐந்தும் நம் எல்லோரின் கடன்.

ஜெய்பீம்.